சிமென்ட் குரல்

ஜனவரி 9

அக்கா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் போன ஞாயிற்றுக்கிழமை போன் போட்டேன். ஒரு வருடத்துக்கு மேல் பேசாமல் இருந்துவிட்டு, இந்த வீம்பு போதும் என்று நானே இறங்கி வந்தேன். நீ என்ன செய்தாய்? நான் வாயைத் திறப்பதற்குள், "செத்துத் தொலைங்கடா எல்லாரும்" என்று கத்திவிட்டு டக்கென்று வைத்துவிட்டாய். திரும்பப் போட்டால் எங்கேஜ்டு. சாயங்காலம் எங்கேஜ்டு. மறுநாளும் எங்கேஜ்டு. உன் செல்போனோ அணைந்தே கிடக்கிறது. அதனால்தான் இந்தக் காலத்தில் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறேன். தபால் தலை எங்கே விற்கிறது என்பதே மறந்துபோய், ஆபீசில் விசாரித்து வாங்கி வந்தேன்.

உனக்கு என் மேல் கோபம் இருக்கும். உன் மகள் வீட்டை விட்டுப் போன அன்று, நீதான் அவளைத் துரத்தினாய் என்று சொன்னேன். அவள் போனைப் பிடுங்கி வாளித் தண்ணீரில் போட்டது நீ. நாய் குளிப்பாட்டும் வேலைக்குப் போகவா உன்னைப் படிக்க வைத்தேன் என்று தெருவே கேட்கக் கத்தியது நீ. நான் சொன்னதை இப்போதும் வாபஸ் வாங்கவில்லை. நீயும் பதிலுக்கு, அவளைக் கெடுத்ததே சித்திக்காரிதான் என்று சொன்னாய். சரி, கணக்கு நேராகிவிட்டது.

ஆனால் "எல்லாரும்" என்றாயே, அதுதான் இடிக்கிறது. நான் ஒருத்திதானே பேச வந்தேன். குடிநீர் வாரியத்தில் புகார் எடுக்கும் பிரிவில் நாள் முழுக்கக் காதைக் கொடுத்து உட்கார்ந்திருப்பவள் நான். ஊர்ப்பட்ட வசவு கேட்டிருக்கிறேன். கோபத்தில் கத்துகிறவர் குரலும் பயத்தில் கத்துகிறவர் குரலும் எனக்குப் பிரித்துத் தெரியும். நீ பயந்துபோய்க் கத்தினாய். யாரைப் பார்த்துப் பயம்? உடனே எழுது.

தங்கை


ஜனவரி 16

அடியே,

கடிதம் வந்தது. உன் கையெழுத்து இன்னும் கோழி கிளறின மாதிரிதான் இருக்கிறது, அதைப் பார்த்ததும் ஒரு பாட்டம் அழுதேன். அன்றைக்குப் பேசியது நீ என்று தெரியாது. தெரிந்திருந்தால் வேறு மாதிரித் திட்டியிருப்பேன்.

நடந்ததைச் சொல்கிறேன். எதிர் ஃபிளாட் டீச்சர் நல்ல மனுஷி. என் மகளைப் பற்றி ஒரு தகவலும் இல்லையே என்று நான் புலம்புவதைக் கேட்டுக் கேட்டு, இன்டர்நெட்டில் அவள் போட்டோவைப் போட்டு, விவரம் தெரிந்தவர்கள் அழைக்கவும் என்று வீட்டு நம்பரையும் என் செல் நம்பரையும் கொடுத்தாள். முதல் நாள் ஒரு அம்மாள் கூப்பிட்டு ஆறுதல் சொன்னாள். அதற்கப்புறம் ஒரு போன் வந்தது, பேச்சே இல்லை, மூச்சு மட்டும். "நீயா? அரை டம்ளர், நீயா?" என்று கேட்டேன். சின்ன வயதில் எதைக் குடிக்கக் கொடுத்தாலும் அரை டம்ளர் போதும் என்பாளே, அதனால் வீட்டில் அவளை நாம் அப்படித்தானே கூப்பிடுவோம். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். ஒருத்தன் சிரிப்பு இல்லை, ஒரு கூட்டமே சிரித்தது.

அன்று பிடித்த சனி. ஒருவன் வைத்தால் அடுத்தவன். அரை டம்ளர் பேசுகிறேன் என்கிறான், முழு டம்ளர் பேசுகிறேன் என்கிறான், உன் மகள் என் கட்டிலுக்கடியில் இருக்கிறாள் என்கிறான். டீச்சர் துருவிப் பார்த்துச் சொன்னாள். இன்டர்நெட்டில் ஒரு குழுவாம். முகமும் கிடையாது, பெயரும் கிடையாது. யாராவது ஒருவரைப் பிடித்து வைத்துக்கொண்டு முறை வைத்து போன் பண்ணுவார்களாம். மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்களாம். எவன் அதிக நேரம் அழ வைக்கிறானோ அவனுக்குக் கைதட்டல். எனக்கு அங்கே ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள், நீயாம்மா. அவர்களுக்கு என்னைத் தெரியவே தெரியாது, அதுதான் எனக்கு ஆறவில்லை. தெரிந்தவன் செய்தால் பகை என்று நினைத்துக்கொள்ளலாம்.

போலீசில் சொன்னேன். நம்பரை மாத்திடுங்கம்மா என்றார்கள். செல்லை அணைத்துப் போட்டுவிட்டேன். வீட்டு நம்பரை எப்படி மாற்றுவேன்? அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் அதுதான். மழலைப் பள்ளிக்குப் போகும்போது, கூட்டத்தில் தொலைந்துபோனால் சொல்லத் தெரியட்டும் என்று வாய்ப்பாடு ராகத்தில் பாடிச் சொல்லிக் கொடுத்தேன். முன்பாதி நான் பாடுவேன், பின்பாதி அவள் பாடுவாள். பெரியவளான பிறகும் எண்ணெய் தேய்த்துவிடும்போது ஆரம்பித்தால் கூடப் பாடுவாள். அவள் இப்போது தொலைந்துதானே போயிருக்கிறாள். அந்த நம்பரை எடுத்துவிட்டால் அவள் எங்கே கூப்பிடுவாள்?

நீ போன் போடாதே. மணி அடித்தால் அது நீ என்று எனக்கு எப்படித் தெரியும்? எழுது.

அக்கா


ஜனவரி 22

அக்கா,

படித்துவிட்டு ஆபீசில் அரைநாள் தலைவலி என்று சொல்லிப் படுத்துவிட்டேன்.

உன் மேல் ஒரு கோபமும் வருகிறது, சொல்லிவிடுகிறேன். போனை எடுத்ததும் நீயா அரை டம்ளரா என்று பேரை நீயே எடுத்துக் கொடுத்தால், எவன்தான் ஆமாம் என்று சொல்லமாட்டான்? எங்கள் ஆபீசில் முதல் நாளே சொல்லித் தருவார்கள். இணைப்பு யார் பேரில் என்று நாம் சொல்லக் கூடாது, அவர்கள் வாயிலிருந்து வரவேண்டும். இனிமேல் நீ அந்தப் பேரைச் சொல்லாதே. உன்னை நான் எப்படிக் கூப்பிடுவேன் என்று கேள். திருதிருவென்று விழிப்பான்.

நம்பரை மாற்றுவது பற்றி ஒன்று சொல்வேன், மனம் நோகாமல் கேள். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்த நம்பர் அவளுக்கு ராகத்தோடு தெரியும் என்கிறாய். தெரிந்தும் கூப்பிடவில்லை. எனக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, என்னிடம்தான் எல்லாவற்றையும் கொட்டுவாள். கூப்பிட மனசிருந்தால் கூப்பிட்டிருப்பாள். அவள் கூப்பிடுவாள் என்று நீ வாசலைத் திறந்து வைத்திருக்கிறாய், நாய் நரியெல்லாம் உள்ளே வருகிறது.

நான் வந்து உன்னோடு இருக்கலாமென்றால், இங்கே கோடைக்கு முன்னால் யாருக்கும் லீவு கிடையாது என்று சுற்றறிக்கை ஒட்டிவிட்டார்கள். ரயிலில் வர ஒரு நாள், போக ஒரு நாள். மேலதிகாரியிடம் மறுபடி கேட்கிறேன்.

தங்கை


பிப்ரவரி 6

தங்கச்சி,

நீ சொன்னபடியே செய்தேன். ஒரு பெண் குரல். அம்மா என்றது. நான் பேரைச் சொல்லவில்லை. உன்னை எப்படிக் கூப்பிடுவேன் சொல்லு என்று கேட்டேன். சட்டென்று அரை டம்ளர் என்று பதில் வந்தது. அப்படியே நம்பிவிட்டேன். இத்தனை நாளாக அந்தப் பேரை நானே ஊருக்கெல்லாம் வாரி இறைத்திருக்கிறேன் என்பது அந்த நேரத்தில் புத்தியில் ஏறவே இல்லை. நீ கேட்கச் சொன்னாய், நான் கேட்டேன், சரியான விடை வந்தது. நான் என்ன செய்ய?

அழுதாள். வீட்டுக்கு வர வெட்கமாக இருக்கிறது, நாளைக்கு மத்தியானம் பஸ் ஸ்டாண்டுக்கு வா என்றாள். "ஒரு டம்ளர்ல அரை டம்ளர் பால் எடுத்துக்கிட்டு வந்து நில்லும்மா, அதைத் தூரத்துலேர்ந்து பார்த்தா உனக்குக் கோபம் இல்லேன்னு புரிஞ்சுக்குவேன்" என்றாள்.

போய் நின்றேனடி. மூக்குக் கண்ணாடிக் கடை வேலைக்கு நடுவே ஒரு லென்ஸைப் பாதி தேய்த்தபடி போட்டுவிட்டு, வீட்டுக்கு ஓடிப் பாலைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு போனேன். பஸ் வருகிறது, போகிறது, நான் டம்ளரை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஒரு பெரியவர் பால் என்ன விலை என்று கேட்டார். பால் ஆறி ஆடை கட்டிவிட்டது. அதற்குப் பிறகும் நின்றேன். இடம் மாறினால் அவளுக்குத் தெரியாதே என்று உட்காரக்கூட இல்லை. கடைசியில் டிக்கெட் கவுன்டர் பக்கம் தொப்பி போட்ட இரண்டு பேர் போனை என்னைப் பார்த்து நீட்டிக்கொண்டு நிற்பதைக் கவனித்தேன். அந்தப் போனுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது, அதே கூட்டத்தின் சிரிப்பு.

அவர்கள் பிடித்த படத்தை டீச்சர்தான் காட்டினாள். எங்கெங்கோ போய்விட்டதாம். மறுநாளிலிருந்து கூரியர்க்காரர்கள் வரிசையாக வருகிறார்கள், எல்லாம் டம்ளர். என் பேரில் எவனெவனோ ஆர்டர் போட்டிருக்கிறான். அது போகட்டும் என்றால், நான் மகளைக் கொன்று மாடித் தண்ணீர்த் தொட்டியில் போட்டிருக்கிறேன் என்று ஒருவன் போலீசுக்கே போன் பண்ணிவிட்டான். நாலு போலீஸ்காரர்கள் வந்து தொட்டியைக் காலி பண்ணிப் பார்த்தார்கள். முழுக் கட்டடமும் வாளியோடு மாடிப்படியில் நின்றது. ஒன்றும் இல்லை என்று அவர்கள் இறங்கிப் போய்விட்டார்கள். ஆனால் பக்கத்து வீட்டுக்காரி அந்தத் தொட்டித் தண்ணீரைக் குடிக்க யோசிக்கிறாள். டீச்சரும் கதவைச் சாத்திக்கொண்டுவிட்டாள்.

கண்ணாடிக் கடைக்கும் போன் பண்ண ஆரம்பித்துவிட்டார்கள். முதலாளி தங்கமான மனுஷன், இதெல்லாம் ஓய்கிற வரைக்கும் வீட்டில் இருங்கள் என்றார். வீட்டில்தான் அந்தப் போன் இருக்கிறது என்று அவரிடம் எப்படிச் சொல்ல?

அக்கா


பிப்ரவரி 12

அக்கா,

அவன்களைக் கையில் கிடைத்தால் என்ன செய்வேனோ தெரியாது. கிடைக்கமாட்டான்கள், அதனால்தான் அந்தத் தைரியம்.

இனி நான் சொல்வதை மட்டும் கேள். நம்பரை உன்னால் மாற்ற முடியாதென்றால் குரலை மாற்று. எங்கள் ஆபீசில் இதற்கு ஒரு வித்தை உண்டு. மூன்று நாளாகத் தண்ணீர் வராதவன் போனில் எங்கள் பரம்பரையையே இழுப்பான். அழுதாலும் திட்டினாலும் அவனுக்குத் தீனி. அதனால் நாங்கள் ஒரு குரல் பழகி வைத்திருக்கிறோம், சிமென்ட் குரல் என்போம். ஏற்றம் இறக்கம் எதுவும் இருக்காது. முட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவான்.

உனக்கு மூன்று வாக்கியம் எழுதித் தருகிறேன். "இந்த அழைப்பு பதிவாகிறது. நீங்கள் கேட்பவர் இங்கே இல்லை. இனி அழைக்க வேண்டாம்." சொல்லிவிட்டு வை. ஒரு எழுத்து கூடவும் கூடாது, குறையவும் கூடாது. முக்கியமானது இதுதான்: போனை எடுத்ததும் ரிசீவரைக் காதில் வைக்காதே. காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடி. வாய்க்கு மட்டும் கிட்டே வைத்துச் சொல். அவர்கள் பேசுவது உன் காதில் விழவே கூடாது. விழுந்தால் உனக்குக் குரல் உடையும், எனக்கு உன்னைத் தெரியும்.

அவளே கூப்பிட்டால் என்ன செய்வது என்று கேட்பாய். கூப்பிடமாட்டாள் அக்கா. கல் மனசுக்காரி, உன்னை மாதிரியே. முதலில் நீ உயிரோடு இரு. ஏதாவது அவசரமென்றால் உன்னிடம் சேதி சொல்ல எனக்கு ஒரு வழி வேண்டும், பக்கத்து வீட்டு நம்பராவது எழுதி அனுப்பு.

தங்கை


மார்ச் 2

தங்கச்சி,

உன் சிமென்ட் நன்றாகப் பிடிக்கிறது.

முதலில் வரவே இல்லை. கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன், பதிவாகிறது என்று சொல்வதற்குள் அழுகை வந்தது. அப்புறம் ஒரு உபாயம் கண்டுபிடித்தேன். கடையில் கண் பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் பலகையில் கடைசி வரி தெரிகிறதா என்று கேட்போமே, அதை நாள் பூராவும் கேட்டுக் கேட்டு ஒரு குரல் வருமே, அந்தக் குரலில் சொன்னேன். சரியாக வந்துவிட்டது. ரிசீவரை நீ சொன்ன மாதிரி தள்ளித்தான் பிடிக்கிறேன். ஏதோ கொசு முனகுகிற மாதிரி கேட்கிறது, அவ்வளவுதான். அவர்கள் என்ன சொன்னார்கள் என்றே தெரியாது. நிம்மதியாக இருக்கிறது.

போன வாரம் பாதியாகக் குறைந்தது. இந்த வாரம் ஒன்றிரண்டுதான். நீயாம்மா செத்துப்போச்சு, இப்ப இயந்திரம்தான் பேசுது என்று அங்கே எழுதிக்கொள்கிறார்களாம். டீச்சரின் மகள் மாடிப்படியில் என்னைத் தாண்டிப் போகும்போது சொன்னாள், கண்ணைப் பார்க்காமல்.

ஒன்றே ஒன்றுதான் இன்னும் குத்துகிறது. இங்கே இல்லை, இனி அழைக்க வேண்டாம் என்று சொல்லும்போது, யாரிடம் சொல்கிறோம் என்ற நினைப்பு வந்தால் குரல் ஆடுகிறது. அதனால் அவள் கூப்பிடவே மாட்டாள் என்று நம்பக் கற்றுக்கொண்டேன். நீ சொன்னதுதானே. அதை நம்பினால்தான் அந்தக் குரல் வருகிறது.

பக்கத்து வீட்டு நம்பரெல்லாம் கேட்காதே. தொட்டியை எட்டிப் பார்த்தவர்களிடம் போய் நான் கெஞ்சமாட்டேன்.

அக்கா


மார்ச் 12, வியாழன்

அக்கா, அக்கா,

இது தபாலில் வந்தால் தாமதமாகும் என்று கூரியரில் அனுப்புகிறேன். சனிக்கிழமை கட்டாயம் கைக்கு வந்துவிடும் என்று சத்தியம் பண்ணுகிறான்.

அவள் பேசினாள். நம்ம அரை டம்ளர் பேசினாள். என் நம்பர் அவளிடம் இல்லை, நீ வாளியில் போட்ட போனோடு போயிற்று. நான் வேலை பார்க்கும் இடம் நினைவிருந்திருக்கிறது. நேற்று மத்தியானம் குடிநீர் வாரியப் புகார் எண்ணுக்கே போட்டிருக்கிறாள். வேறு யாரிடமோ பேசி, என் மேசைக்கு மாற்றச் சொல்லியிருக்கிறாள். நான் வழக்கம்போல, "உங்கள் பகுதி, இணைப்பு எண் சொல்லுங்கள்" என்றேன். அப்புறம், "சித்தி, இணைப்பே இல்ல சித்தி" என்றாள். நான் மேசையிலேயே அழுதுவிட்டேன், வரிசையில் பத்துப் பேர் காத்திருக்க.

நன்றாக இருக்கிறாள். ஒரு பிராணிகள் ஆஸ்பத்திரியில் வேலை, வேலைக்குப் போகும் பெண்கள் விடுதியில் தங்கியிருக்கிறாள். அந்தப் படம் அவள் கண்ணிலும் பட்டிருக்கிறது. நீ டம்ளரைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நிற்கும் படம். கூட வேலை பார்க்கிறவன் சிரித்துக்கொண்டே காட்டியிருக்கிறான். எங்கம்மாடா அது என்று சொல்ல வாய் வரவில்லை என்றாள். அம்மாவுக்கு என் மேல கோபம் இல்லையா சித்தி என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உனக்குப் போன் பண்ணுவாள். அன்றுதான் அவளுக்கு விடுமுறை. நான் எழுதித் தெரியப்படுத்தும்வரை பொறு என்றேன். எத்தனை நாள் பொறுப்பேன் என்றாள். நடந்ததை எல்லாம் நான் முழுசாகச் சொல்வதற்குள் அவள் சாப்பாட்டு இடைவேளை முடிந்து வைத்துவிட்டாள். அரை டம்ளர் என்று சொல்லமாட்டாளாம், அதை இப்போது ஊரே சொல்கிறது, அம்மா நம்பமாட்டாள் என்கிறாள். நம்பரைப் பாடுவாளாம், வாய்ப்பாடு ராகத்தில். அது அவன்களுக்குத் தெரியாது, அம்மா கண்டுபிடித்துவிடுவாள் என்றாள். எவ்வளவு புத்திசாலி பார்.

நேற்றிலிருந்து உனக்கு விடாமல் போன் போடுகிறேன். எடுக்கிறாய். எடுத்ததும் நான் எழுதிக் கொடுத்த மூன்று வாக்கியத்தையும் எனக்கே ஒப்பித்துவிட்டு வைக்கிறாய். அக்கா, நான்தான், நான்தான் என்று தொண்டை கிழியக் கத்துகிறேன். காதில் வைத்தால்தானே கேட்கும்?

ஞாயிற்றுக்கிழமை ரிசீவரைக் காதில் வை. சிமென்ட்டை மறந்துவிடு. அவள் விடுதி நம்பரைக் கீழே எழுதியிருக்கிறேன், வார்டன்தான் எடுப்பார்.

தங்கை


மார்ச் 15, ஞாயிறு

தங்கச்சி,

கொஞ்ச நாளாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. ஆபீசில் வேலை முதுகை முறிக்கிறதோ என்னவோ.

இன்றைக்கு உன்னிடம் ஒரு சபாஷ் வாங்கலாம் என்று எழுதுகிறேன். புதன், வியாழனில் திடீரென்று போன் வர ஆரம்பித்தது, ஒன்றன்மேல் ஒன்றாக. ஒவ்வொன்றுக்கும் மூன்று வாக்கியம், டக். நேற்று ஒரு கூரியர்க்காரன் கவர் என்று நீட்டினான். டம்ளர் வந்ததிலிருந்து நான் எவனுக்கும் கதவைத் திறப்பதில்லை, இப்போது கவரில் என்ன வைத்து அனுப்புகிறார்களோ என்று ஜன்னல் வழியாகவே திருப்பி அனுப்பிவிட்டேன். திங்கட்கிழமை மறுபடி வருவேன் என்று முணுமுணுத்துக்கொண்டே போனான்.

இன்றைக்குக் காலையில் ஒருத்தி. இவர்களிலேயே கைதேர்ந்தவளாக இருக்க வேண்டும். ரிசீவரைத் தள்ளிப் பிடித்தும் அழுகை கேட்டது. நான் கொஞ்சம்கூட ஆடவில்லை. அழைப்பு பதிவாகிறது, நீங்கள் கேட்பவர் இங்கே இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஏதோ ராகம் போட்டு இழுக்க ஆரம்பித்தாள். பாட்டுப் பாடிக் கேலி செய்வது புது வித்தை போலிருக்கிறது. இனி அழைக்க வேண்டாம் என்று முடித்து வைத்துவிட்டேன். மறுபடி அடித்தது. மறுபடியும் அதையே சொன்னேன், இன்னும் நிதானமாக. அதற்குப் பிறகு அடிக்கவில்லை. சாயங்காலம் வரைக்கும் ஒரு போன் இல்லை. வீடு அமைதியாக இருக்கிறது. ரொம்ப நாளைக்குப் பிறகு உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, நிதானமாகச் சாப்பிட்டேன்.

குரல் ஒரு இடத்தில்கூட உடையவில்லை. நீ கேட்டிருந்தால் உன் ஆபீசிலேயே எனக்கு வேலை போட்டுக் கொடுத்திருப்பாய்.

அக்கா


மார்ச் 17

தங்கச்சி,

நேற்றுக் கூரியர்க்காரன் சொன்னபடி வந்தான். கவரின் மேல் கோழிக் கிளறல். வாங்கினேன்.

நான் ஞாயிற்றுக்கிழமை எழுதியது இதற்குள் உனக்கு வந்திருக்கும். அதில் ராகம் என்று எழுதியிருந்தேனே, அது என்ன ராகம் என்று உனக்கே புரிந்திருக்கும். உன்னைத் திட்டத்தான் பேனாவை எடுத்தேன். ஒரு சாண் தள்ளிப் பிடி என்று சொன்னவள் நீ, அவள் கூப்பிடமாட்டாள் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னவள் நீ. எழுத எழுத, அதில் ஒரு எழுத்துக்கூட நீ உனக்காகச் சொன்னதில்லை என்றும் தெரிகிறது. திட்டு பாதியில் நின்றுவிட்டது. அவன்களைத் திட்டலாமென்றால் முகமில்லை.

நேற்றே அந்த விடுதி நம்பருக்குப் போட்டேன். வார்டன் எடுத்தார். யார் என்றார். அம்மா என்றேன். அவர், அம்மா போன் பண்ணினா கூப்பிட வேணாம்னு ஞாயிற்றுக்கிழமை சொல்லிட்டாம்மா என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதனால் இன்னும் வலித்தது. வைத்துவிட்டு, மறுபடி போட்டேன். மறுபடி, மறுபடி. ஒரு கட்டத்தில் அவர் என்னை என்ன நினைத்திருப்பார் என்று தோன்றியது. எடுக்கிறவருக்கு இஷ்டமில்லாமல் திரும்பத் திரும்ப அடிக்கிறவள், இப்போது நான்.

இன்றைக்குச் சாயங்காலம் அவர் மனம் இளகி, ஒரு தடவைதான் என்று சொல்லிவிட்டுக் கூப்பிட்டார். செருப்புச் சத்தம் வந்தது. யாரு என்றாள்.

அரை டம்ளர் என்று சொல்லமுடியாது, அது என் வாயில் இருந்தாலும் இனி என்னுடையதில்லை. அம்மா என்றால் எவளும் சொல்லலாம். மன்னிச்சிடு என்று சொல்ல வாய் வரவில்லை. பாட ஆரம்பித்தேன். நம் வீட்டு நம்பரின் முன்பாதியை, வாய்ப்பாடு ராகத்தில், குரல் உடைந்து உடைந்து. அவள் பாகம் வரும் இடத்தில் நிறுத்திவிட்டேன்.

அவள் பாடவில்லை. ஆனால் வைக்கவும் இல்லை. பின்னால் யாரோ குழாயைத் திறந்து வாளியில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது. வாளி நிரம்பும் வரைக்கும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தோம், இரண்டு பேரும். அப்புறம் வைத்துவிட்டாள். மெதுவாக வைத்தாள், நான் வைத்த மாதிரி டக்கென்று இல்லை.

நாளைக்கு மறுபடி போடுவேன். அவளும் மூன்று வாக்கியம் வைத்திருக்கலாம், நீங்கள் கேட்பவர் இங்கே இல்லை என்று சொல்லலாம். சொல்லட்டும். ரிசீவரைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு, முழுசாகக் கேட்பேன்.

அக்கா